காளை செய்த இன்னொரு வேலை

நம் பக்கத்தில் எல்லோரும் ‘சினை ஊசி’ என்று சொல்வதை அரசாங்கக் காகிதத்தில் ‘செயற்கை முறை கருவூட்டல்’ என்று எழுதுவோம். உண்மையில் அது ஊசியே இல்லை. மெல்லிய குச்சியில் அடைத்த காளையின் விந்தை, நீளமான ஒரு குழல் வழியே பசுவின் கருப்பைக்குள் விடுவதுதான் அந்த வேலை. மருந்தும் இல்லை, குத்துவதும் இல்லை. ஆனாலும் கால்நடை ஆஸ்பத்திரியில் மாட்டுக்கு எது செய்தாலும் அதன் பெயர் ஊசிதான் என்று நம் ஜனங்கள் முடிவு செய்துவிட்டார்கள். அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

இந்தச் சினை ஊசி வந்த வரலாற்றைப் பேசுகிறவர்கள் விந்தை எப்படிக் கெடாமல் வைத்தார்கள், எப்படி உறைய வைத்தார்கள், எந்த நாட்டுக் காளையைக் கொண்டுவந்தார்கள் என்றுதான் பேசுவார்கள். அது பாதிக் கதை. மாடு எப்போது தயாராக இருக்கிறது என்று யார் கண்டுபிடிப்பது, எதைப் பார்த்துக் கண்டுபிடிப்பது என்பது மீதிப் பாதி. முப்பது வருடத்துக்கு மேல் காங்கேயம், தாராபுரம், உடுமலை வட்டாரக் கால்நடை மருந்தகங்களில் வேலை பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எங்களிடம் வந்த ‘சினை நிக்கல’ கேஸ்களில் பெரும்பகுதி இந்த இரண்டாவது பாதியில்தான் மாட்டிக்கொண்டிருந்தது.

முதலில் பழைய ஏற்பாடு எப்படி இருந்தது என்று பார்ப்போம். வயதானவர்களுக்கு நினைவிருக்கும். கிளுவை வேலி போட்ட கொறங்காடு, அதில் கொழுக்கட்டைப் புல், நடுநடுவே வெள்வேல மரம். காலையில் பால் பீச்சி முடித்ததும் மாடுகளைக் காட்டுக்குள் விட்டு, படலைச் சாத்திவிட்டு வந்துவிடுவோம். எட்டு மாடு பத்து மாடு ஒன்றாகத் திரியும். அதில் ஒன்று பருவத்துக்கு வந்தால் யாரும் ஆராய்ச்சி செய்ய வேண்டியதில்லை. அது புல்லை விட்டுவிடும், வாலைத் தூக்கிக்கொண்டு அலையும், மற்ற மாட்டின் முதுகில் தாவும். பிறகு மற்றவை அதன்மேல் தாவும்போது விலகாமல் அப்படியே நிற்கும். இந்தக் கடைசி அடையாளம்தான் முக்கியம். மற்ற எல்லாம் ‘வரப்போகிறது’ என்றோ ‘வந்து போய்விட்டது’ என்றோகூட இருக்கலாம். தாவும்போது அசையாமல் நிற்கிற மாடுதான் உண்மையில் பருவத்தில் இருக்கிற மாடு.

பொலிகாளை இருந்தால் இந்த வேடிக்கை பார்க்கும் வேலையும் மிச்சம். காளை பசுவின் மூத்திரத்தை முகர்ந்துவிட்டு, தலையைத் தூக்கி மேலுதட்டைச் சுருட்டிக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்கும். சிறுபிள்ளைகள் ‘காளை சிரிக்குது’ என்போம். அது சிரிப்பதில்லை. வாயின் மேலண்ணத்துக்குப் பக்கத்தில் இருக்கிற இன்னொரு மோப்ப உறுப்புக்கு அந்த வாசனையை இழுத்துக் கொடுக்கிறது. நாளைக்கு வரப்போகிற பருவத்தை இன்றைக்கே தெரிந்துகொண்டு, அந்தப் பசுவை விட்டு நகராமல் கூடவே மேயும். ஆக, காளை இரண்டு வேலை செய்தது. சினைப்படுத்துவது ஒன்று, எந்த மாடு எப்போது என்று கண்டுபிடிப்பது இன்னொன்று. கூலியில்லாமல் செய்ததால் இரண்டாவது வேலை யார் கணக்கிலும் ஏறவில்லை.

செயற்கைக் கருவூட்டல் ஐரோப்பாவில் பிறந்தது. இத்தாலியில் ஸ்பல்லன்சானி என்ற பாதிரியார், பெரிய ஆராய்ச்சியாளர், 1780 வாக்கில் ஒரு பெட்டை நாய்க்கு இப்படிச் செய்து மூன்று குட்டிகள் பிறக்க வைத்தார். அதற்குப் பிறகு நூறு வருடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. ரஷ்யாவில் இவானோவ் என்பவர் முதலில் குதிரைகளிலும் பிறகு மாடுகளிலும் இதை ஒரு தொழிலாகவே ஆக்கினார். 1936இல் டென்மார்க்கின் சாம்சோ தீவில் பால் விவசாயிகள் இதற்கென்றே ஒரு கூட்டுறவுச் சங்கம் தொடங்கினார்கள். அந்த வேலையை நடத்திய சோரன்சன் என்ற மருத்துவர் விந்தை அடைக்கச் சரியான குழாய் தேடிக்கொண்டிருந்தாராம். தன் மகளின் பிறந்தநாள் விருந்தில் குழந்தைகள் உறிஞ்சுகுழலில் பானம் குடிப்பதைப் பார்த்ததும் விடை கிடைத்துவிட்டது என்று சொல்வார்கள். இன்றைக்கு நம் ஊர் மருந்தகத்தில் இருக்கும் உறைவிந்துக் குச்சிக்கு அந்தக் குழல்தான் மூதாதை.

இந்தியாவில் முதல் முயற்சி நமக்குப் பக்கத்திலேயே நடந்தது. 1939இல் மைசூர் அரண்மனைப் பால் பண்ணையில் சம்பத்குமரன் என்பவர், நம் காங்கேயத்துக்குச் சொந்தக்காரன் மாதிரி இருக்கிற ஹள்ளிக்கார் பசுக்களுக்கு, ஹோல்ஸ்டீன் காளையின் விந்தைக் கொண்டு செய்து பார்த்தார். 1942இல் இசத்நகர் கால்நடை ஆராய்ச்சி நிலையம் இதைக் கையில் எடுத்தது. சுதந்திரத்துக்குப் பிறகு முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் ‘ஆதார கிராமத் திட்டம்’ வந்தது. கிராமங்களைத் தேர்ந்தெடுத்து, நல்ல காளையை மட்டும் வைத்துக்கொண்டு, தேறாத காளைகளுக்கெல்லாம் காயடித்துவிடுவது அதில் ஒரு பகுதி. பர்டிசோ இடுக்கியைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போனது எங்கள் துறையின் பழைய ஆட்களுக்கு மறக்காது.

அந்தத் திட்டத்தைக் குறை சொல்ல நான் வரவில்லை. எலும்பும் தோலுமாகத் திரிந்த தெருக்காளைகள் வம்சத்தைக் கெடுத்தது உண்மை. காளையால் பசுவுக்குப் பசு பரவும் கருச்சிதைவு நோய்களும் குறைந்தன. ஆனால் காளையை அப்புறப்படுத்தியபோது அதன் முதல் வேலைக்கு மட்டும்தான் மாற்று ஏற்பாடு செய்தோம். இரண்டாவது வேலையை, ஒரு வார்த்தை கேட்காமல், வீட்டுப் பெண்களின் தலையில் வைத்துவிட்டோம்.

அவர்கள் அதை நன்றாகவே செய்தார்கள் என்பதுதான் ஆச்சரியம்.

அந்த வேலையின் கஷ்டம் தெரிய வேண்டுமானால் கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும். பசு சுமார் 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அசையாமல் நிற்கிற நேரம் ஒரு பகலோ ஒரு இரவோதான். அது முடிந்து பத்துப் பன்னிரண்டு மணி நேரம் கழித்துத்தான் கருமுட்டை வெளியே வரும். வந்த முட்டை சில மணி நேரம்தான் தாங்கும். விந்தணுவோ உள்ளே போனதும் வேலைக்குத் தயாராவதில்லை, அதற்கும் சில மணி நேரம் ஆகும். ஒரு நாள் கழிந்தால் தளர்ந்துவிடும். ஆகவே ரொம்ப முன்னால் போட்டாலும் வீண், பின்னால் போட்டாலும் வீண். தவறினால் 21 நாள் காத்திருக்க வேண்டும். கறவை வற்றிக்கொண்டிருக்கும் மாட்டுக்கு 21 நாள் தீனி என்றால் என்ன செலவு என்று மாடு வைத்திருந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தில் டிரிம்பெர்கர் என்பவர் இதைப் பொறுமையாக ஆராய்ந்து 1948இல் வெளியிட்டார். அதிலிருந்து வந்ததுதான் எங்களுக்கெல்லாம் பாடமாகச் சொல்லித்தந்த ‘காலை – மாலை’ விதி. காலையில் பருவம் தெரிந்தால் அன்று மாலை போடு. மாலையில் தெரிந்தால் மறுநாள் காலை போடு. அவ்வளவுதான். உலகம் முழுக்கப் பல கோடி மாடுகளுக்கு இந்த விதிப்படிதான் நடந்திருக்கிறது. ஆனால் ‘தெரிந்தால்’ என்ற சொல்லை மட்டும் கவனியுங்கள். அந்த ஒரு சொல்லில்தான் முழுப் பாரமும் இருக்கிறது. பரிசோதனைக் கூடமோ கருவியோ மைல் கணக்கில் இல்லாத ஊரில், மாட்டின் நடத்தையைப் பார்த்துச் சொல்கிற ஒருவருடைய வார்த்தையை நம்பி மருத்துவர் வேலை செய்கிறார்.

தாராபுரம் பக்கம் ஒரு மருந்தகத்தில் இருந்தபோது, அறுபது வயதைத் தாண்டிய ஒரு அம்மா மாட்டை ஓட்டிக்கொண்டு வருவார். எழுதப் படிக்கத் தெரியாது. வந்ததும் நான் கேட்பதற்கு முன்னால் சொல்லிவிடுவார்: “நேத்து வெடியால பால் ஒரு சொம்பு கொறஞ்சுதுங்க. பொழுதெறங்க ஒரே கத்து. நடுச்சாமம் வரைக்கும் கத்துச்சுங்க. இப்பத்தான் அடங்கி நிக்குது, கண்ணாடியாட்டம் ஒழுகுதுங்க.” இதற்குமேல் ஒரு மருத்துவருக்கு என்ன தகவல் வேண்டும்? பால் குறைந்தது தொடக்கம், கத்தியது உச்சம், அடங்கியது முடிவு, வழும்பு கண்ணாடி மாதிரி இருப்பதால் நோய் இல்லை. நேரத்தோடு சேர்த்து நான்கு வாக்கியத்தில் முழுக் கேஸையும் சொல்லிவிட்டார். அவர் கொண்டுவந்த மாடு பெரும்பாலும் முதல் ஊசியிலேயே நின்றுவிடும்.

ஒருமுறை இரண்டு நாள் தள்ளி வந்து, “ரத்தம் தட்டிருச்சுங்க, விட்டுட்டேன்” என்றார். பருவம் முடிந்து ஒன்றிரண்டு நாளில் சில பசுக்களுக்கு லேசாக ரத்தம் ஒழுகும். பருவம் போய்விட்டது, இனிப் போட்டுப் பயனில்லை என்பதற்கு அது அடையாளம். கூடவே, அடுத்தது சுமார் 19 நாளில் என்று கணக்குச் சொல்லிவிடும். கல்லூரியில் இதை எங்களுக்குப் பெரிய பெயரோடு சொல்லித்தந்தார்கள். அந்த அம்மா அன்றைக்கு ஊசி போடச் சொல்லவில்லை. சுவரில் கரிக்கோடு கிழித்துவிட்டுத்தான் வந்திருந்தார், நாளை எண்ணுவதற்கு.

அவர் கொண்டுவந்தது நாட்டு மாட்டு ரத்தம் கலந்த பசு, கூட்டத்தோடு மேய்ந்தது. அதன் பிறகுதான் நிலைமை மாறியது.

1949இல் லண்டனில் போல்ஜ் என்ற இளைஞரும் அவரோடு இருந்தவர்களும் சேவல் விந்தை உறைய வைக்கப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சர்க்கரைக் கரைசல் என்று நினைத்து எடுத்த பாட்டிலில் உண்மையில் கிளிசரின் இருந்தது. லேபிள் மாறிப் போயிருந்தது. அந்தத் தவறால், கிளிசரின் சேர்த்தால் விந்தணு உறைந்து உருகினாலும் உயிரோடு இருக்கும் என்று தெரிந்தது. இரண்டே வருடத்தில் உறைவிந்தில் முதல் கன்று பிறந்தது. அதுவரை முட்டைக் கருவில் கலந்து, ஐஸ் வைத்த பிளாஸ்க்கில் அனுப்பிய விந்து இரண்டு மூன்று நாள்தான் தாங்கும். இனி மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் வருடக்கணக்காக வைக்கலாம், எந்த நாட்டுக் காளையையும் எந்த ஊருக்கும் கொண்டுபோகலாம். 1963இல் மூணாறுக்குப் பக்கத்தில் மாட்டுப்பட்டியில் இந்தோ–சுவிஸ் திட்டம் தொடங்கியது. 1970இல் வெண்மைப் புரட்சி வந்தது. ஜெர்சிக் கலப்பு நம் கட்டுத்தரைக்கு வந்து சேர்ந்தது.

ஜெர்சி வந்தபோது கொறங்காடும் சுருங்கிக்கொண்டிருந்தது. மேய்ச்சலுக்கு விட ஆள் இல்லை, பல இடத்தில் நிலமும் இல்லை. வீட்டுக்கு ஒரு மாடு, இரண்டு மாடு. சிமெண்ட் தளம் போட்ட கொட்டகையில், இரண்டு முழக் கயிற்றில், நாள் முழுக்க. பால் நன்றாகக் கொடுத்தது. பருவம்தான் தெரியவில்லை.

ஏன் தெரியவில்லை என்பதற்குக் கனடாவில் ஹர்னிக் என்பவரும் அவர் சகாக்களும் 1975இல் வெளியிட்ட ஒரு கணக்கு நல்ல விளக்கம். மாடுகளை இரவும் பகலும் படமெடுத்துப் பார்த்தார்கள். மந்தையில் ஒரே ஒரு மாடு பருவத்தில் இருந்தால் ஒரு பருவத்துக்குச் சராசரியாகப் பதினோரு தாவல்தான். இரண்டு மாடுகள் ஒரே சமயத்தில் பருவத்தில் இருந்தால் மாட்டுக்கு முப்பத்தாறு. மூன்று என்றால் இன்னும் கூடுதல். அதிலும் பத்தில் ஏழு பங்கு, சாயங்காலம் ஏழு மணிக்கும் காலை ஏழு மணிக்கும் இடையில்தான். அதாவது பருவ நடத்தை என்பது ஒரு மாடு தனியாகச் செய்கிற காரியம் இல்லை. பக்கத்தில் இன்னொரு மாடு வேண்டும், நடமாட இடம் வேண்டும், கால் வழுக்காத தரை வேண்டும், நாம் தூங்குகிற நேரத்தில் யாராவது விழித்திருக்கவும் வேண்டும். தனியாகக் கட்டிப்போட்ட மாட்டுக்கு இதில் ஒன்றுமே கிடையாது. தாவ ஆளில்லாத இடத்தில் ‘தாவினால் அசையாமல் நிற்கிறதா’ என்று எப்படிப் பார்ப்பது?

எங்கள் பாடத்தில் ‘ஊமைப் பருவம்’ என்று ஒன்று உண்டு. கருமுட்டை ஒழுங்காக வரும், வெளி அடையாளம் இருக்காது. எருமைக்கு இது அதிகம், வெயில் காலத்தில் இன்னும் அதிகம். எருமை உண்மையிலேயே அப்படித்தான். ஆனால் கலப்பினப் பசுக்களுக்கு ஊமைப் பருவம் என்று நாங்கள் கேஸ் ஷீட்டில் எழுதியதில் பலவற்றை இப்போது நினைத்தால், மாடு ஊமையாக இருந்ததா, பேசுவதற்குத் துணை இல்லாமல் இருந்ததா என்ற கேள்வி வருகிறது.

அடையாளம் தெரியாததால் வந்த நஷ்டம் பலவிதம். மாடு ஏதோ காரணத்துக்குக் கத்தினால், தண்ணீர் தாகமோ, கன்றைப் பிரித்ததோ, உடனே ஓட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள். பாலில் புரோஜெஸ்டிரோன் அளவைப் பார்க்கும் சோதனை வந்த பிறகு, கருவூட்டலுக்குக் கொண்டுவரும் மாடுகளில் கணிசமானவை பருவத்திலேயே இல்லை என்று பல நாடுகளில் தெரியவந்தது. அதைவிட மோசம் ஒன்று உண்டு. சினையாக இருக்கும் பசுக்களிலும் நூற்றுக்கு மூன்று நான்கு பருவம் மாதிரி நடந்துகொள்ளும். கையை விட்டுப் பார்க்காமல் அவசரத்தில் குழலை நுழைத்தால் உள்ளே இருக்கும் கன்று போய்விடும்.

கடைசியில் ‘வறட்டு மாடு’ என்ற முத்திரை விழும். அந்த முத்திரை விழுந்த மாடு எங்கே போகும் என்று நமக்குத் தெரியும். சந்தையில் கறவை மாட்டுக்கு ஒரு வரிசை, அடிமாட்டுக்கு ஒரு வரிசை. லாரி ஏறிய எத்தனையோ மாடுகளின் கருப்பையில் ஒரு குறையும் இருந்திருக்காது.

உடுமலைப் பக்கம் ஒரு வீட்டில் அப்படி ஒரு மாட்டுக்கு விலையே பேசிவிட்டார்கள். இரண்டாம் ஈத்து ஜெர்சிக் கலப்பு. நான்கு முறை ஊசி போட்டாயிற்று, வெவ்வேறு ஆட்கள் போட்டது. பரிசோதித்தால் கருப்பை சுத்தம், சினைப்பை வேலை செய்கிறது, சுழற்சி நடக்கிறது. விசாரித்தால், நான்கு முறையும் காலை பத்து மணிக்கு மேல், வீட்டுக்காரர் வேலைக்கு லீவு கிடைத்த நாளில்தான் நடந்திருக்கிறது. நான் மருந்து எதுவும் எழுதவில்லை. பதினெட்டாம் நாளிலிருந்து ராத்திரி பத்து மணிக்கும் விடிய நாலு மணிக்கும் லைட்டைப் போட்டு ஒரு கால் மணி நேரம் சும்மா நின்று பாருங்கள், சாயங்காலம் பக்கத்து வீட்டு மாடுகளோடு ஒரு மணி நேரம் அவிழ்த்து விடுங்கள் என்றேன். வீட்டுக்கார அம்மணிக்கு நம்பிக்கையே இல்லை. “மருந்தே இல்லீங்களா?” என்று இரண்டு முறை கேட்டார். இருபதாம் நாள் சாயங்காலம் பக்கத்து வீட்டுக் கிடாரி இதன்மேல் தாவியிருக்கிறது, இது நின்றிருக்கிறது. மறுநாள் விடியற்காலை போட்டோம். அந்த மாடு அதற்குப் பிறகு நான்கு ஈத்து ஈன்றது.

காளையின் இரண்டாவது வேலைக்கு மாற்றுத் தேடி வெளிநாட்டில் நிறையச் செய்திருக்கிறார்கள். விந்து நாளத்தைத் துண்டித்த காளையின் தாடையில் சாயம் நிரப்பிய உருளையைக் கட்டி மந்தைக்குள் விட்டார்கள். அது எந்தப் பசுவின்மேல் தாவுகிறதோ அதன் முதுகில் கோடு விழும். நியூசிலாந்தில் வால் அடியில் பெயிண்ட் பூசினார்கள். மற்ற மாடு தாவினால் பெயிண்ட் அழிந்திருக்கும், காலையில் பார்த்தால் போதும். 1977இல் அமெரிக்காவில் கிட்டி என்பவர் மாட்டின் காலில் நடை எண்ணும் கருவியைக் கட்டி, பருவத்தின்போது மாடு வழக்கத்தைவிட இரண்டு முதல் நான்கு மடங்கு நடக்கிறது என்று காட்டினார். இப்போது கழுத்துப் பட்டையாக வந்து, பண்ணைக்காரரின் செல்போனுக்குத் தகவல் அனுப்புவதெல்லாம் அந்தக் கணக்கின் வாரிசுதான். 1995இல் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்துக்காரர்கள் வேறு வழியில் போனார்கள். ஒரு ஹார்மோன் ஊசி, ஏழு நாள் கழித்து இன்னொன்று, இரண்டு நாள் கழித்து மறுபடி முதல் ஊசி, அடுத்த நாள் கருவூட்டல். மாடு கத்துகிறதா, தாவுகிறதா என்று யாரும் பார்க்க வேண்டியதே இல்லை. நம் மருந்தகங்களுக்கும் இந்த முறை வந்துவிட்டது. சினை பிடிக்காத மாடுகளுக்கு நல்ல முறைதான், நானும் செய்திருக்கிறேன். இதில் மட்டும்தான் ‘சினை ஊசி’யில் உண்மையாகவே ஊசி இருக்கிறது.

பட்டை விற்பவர்கள் இப்போது நம் பக்கத்துக்கும் வருகிறார்கள். போன மாதம் ஒருவர் எங்கள் தெருவில் மூன்று மாடு வைத்திருப்பவரிடம் விளக்கிக்கொண்டிருந்தார். மாடு எத்தனை அடி நடக்கிறது என்று பட்டை எண்ணும், கூடினால் போனில் மணி அடிக்கும் என்றார். அந்த மூன்றும் கொட்டகையில் இரண்டு முழக் கயிற்றில் நின்றுகொண்டிருந்தன. முதலில் சாயங்காலம் கொஞ்ச நேரம் அவிழ்த்து விடுங்கள், மிச்சத்தைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.